இறுக்கமான ஆறு வாரங்கள்

பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டு வீடு திரும்பியவரைப் பார்க்கச் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாகச் சொந்தக்காரர்கள் வருவார்கள். அவரும் தியேட்டருக்குள் போனது முதல் தையல் பிரித்தது வரை பத்துத் தடவை சொல்லி ஆறுதல் அடைவார். பெருத்த மார்பைக் குறைக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் குணமாவதும் ரகசியமாகத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவம் இதை கைனகோமாஸ்டியா என்கிறது. ஹார்மோன்களின் விகிதம் மாறும்போது ஆணின் மார்பிலும் சுரப்பித் திசு வளர்ந்துவிடும். விடலைப் பருவத்தில் இது சகஜம். பெரும்பாலும் இரண்டு வருடங்களுக்குள் தானாக வற்றிவிடும். எனக்கு வற்றவில்லை. தொளதொள சட்டை, கூனிய தோள், நீச்சல் குளத்தின் பக்கமே போகாத கோடை விடுமுறைகள் என்று காலம் ஓடியது. இந்த அவமானத்துக்கு வயது அதிகம். 7ஆம் நூற்றாண்டில் இந்த அறுவைச் சிகிச்சையை விவரித்த கிரேக்க மருத்துவர் ஏஜினா பால், அதைச் செய்யச் சொன்ன காரணமே 'பெண்ணைப் போல' என்ற ஏச்சுதான்.

27 வயதில், மும்பையில் வேலை நிலைத்ததும் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். காப்பீட்டு நிறுவனம் 'அழகு சிகிச்சை' என்று கைவிரித்துவிட்டது, சேமிப்புதான் கைகொடுத்தது. சர்ஜன் உடனே கத்தியை எடுக்கவில்லை. ஹார்மோன், கல்லீரல் சோதனைகள் செய்தார். ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா என்று விசாரித்தார். பிறகுதான் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் பிறை வடிவில் கீறி, சுரப்பியை அகற்றினார். மறுநாளே வீடு. கூடவே ஒரு பிரஷர் பனியன். மார்பை இறுக்கிப் பிடிக்கும் அதை இரவும் பகலும் ஆறு வாரம் போட்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் "சின்ன ஆபரேஷன்" என்றதோடு சரி.

இரண்டாம் நாள் இரவு 2 மணிக்கு, இடது பக்கம் மட்டும் தேங்காய் மூடியைக் கவிழ்த்தாற்போல் விம்மி நின்றது. தோல் வெடித்துவிடும் போல் வலி. இரு பக்கமும் ஓரளவு வீங்குவது சாதாரணம், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் நேரம் பார்க்காமல் வரவேண்டும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். உள்ளே ரத்தம் கட்டுவதன் அறிகுறி அது. பக்கத்துக் கட்டிலில் அறைத்தோழர். கோலாப்பூர்க்காரர், என் சங்கதி எதுவும் தெரியாதவர். ஆபரேஷன் டேபிளில் ஏறிப் படுக்கக்கூட நான் அவ்வளவு தயங்கியதில்லை. எழுப்பினேன், சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "லிஃப்ட் வரை நடக்க முடியுமா?" விடிவதற்குள் கட்டிய ரத்தத்தை வெளியேற்றி, கசிந்த ரத்தக் குழாயை அடைத்துவிட்டார்கள். அடுத்த ஒன்றரை மாதம் தண்ணீர் பக்கெட்டும் காஸ் சிலிண்டரும் அவர் பொறுப்பாயின.

அதற்குப் பிறகு வந்த பயங்கள் எல்லாம் மெதுவானவை. அகற்றிய திசு லேபுக்குப் போயிருந்தது. ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அபூர்வமாக. 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வரும்வரை தூக்கமில்லை. மூன்றாவது வாரம் கருவட்டத்துக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு கெட்டி. சுரப்பி திரும்பவும் வளர்கிறதோ என்று வியர்த்துப்போனேன். தழும்புத் திசுதான், சில மாதங்களில் இளகிவிடும் என்றார் சர்ஜன். இளகியது. குளிக்கும்போது தண்ணீர் விழுவது தெரியாமல் மார்பு மரத்துக் கிடந்தது. பிறகு எறும்பு ஊர்வது போலக் குறுகுறுத்து உணர்ச்சி திரும்பியது. இடதும் வலதும் ஒரே வேகத்தில் வற்றாததால், கண்ணாடி தினம் ஒரு கணக்குச் சொன்னது. வீக்கம் முழுசாக வடிந்து வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம், தழும்பு மங்க ஒரு வருடம்கூட ஆகலாம்.

மும்பைக்கே உரிய கவலைகளும் இருந்தன. மே மாதப் புழுக்கத்தில் பனியனுக்குள் அரிப்பு. மாற்றுக்கு இன்னொன்று வாங்கி, தினமும் துவைத்துப் போட்டேன். குர்லாவில் காலை 9 மணி லோக்கலில் ஏறுவது என்றால் மார்பைக் கொடுத்துத்தான் ஏறவேண்டும். 11 மணி வண்டிக்கு மாற அனுமதி கேட்டேன். அதிகாரி காரணம் கேட்டார். இந்த முறை முழுசாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் பத்தாம் வகுப்பு மகன் விளையாட்டு வகுப்புக்குப் போக மறுப்பதைப் பற்றித் தாழ்ந்த குரலில் கேட்க ஆரம்பித்தார். கொஞ்சம் பொறுங்கள், அந்த வயதில் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, பனியன் ஒரு சுற்றுத் தளர்ந்தது போலிருந்தது.

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் தம்பி தேடி வந்தார். அடுத்த வாரம் அவருக்கு ஆபரேஷன். ஒரு தாள் நிறையக் கேள்விகள்: தழும்பு தெரியுமா, எப்போது ஜிம்முக்குப் போகலாம், பைக் ஓட்டலாமா? ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மற்றதை சர்ஜனிடம் கேட்கச் சொன்னேன். அதற்கு முன்னால், அவர் தாளில் இல்லாத ஒன்றை நான் கேட்டேன்: "முதல் இரண்டு ராத்திரி கூட யார் இருப்பாங்க? அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிட்டீங்களா?"