ஒரு விசையும் ஒரு விரயமும்

துடியலூரில் எங்கள் இல்லத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் கிராஅத் ஒலிப்பது வழக்கம். பார்வை மங்கிவிட்ட எங்கள் தாயாருக்குக் கேட்பதே ஓதுவதற்கு ஈடு. ஒலிப்பது, தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் மகள் பெற்ற பழைய கணினி. விண்டோஸுடன், சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. இன்று லினக்ஸ் மட்டுமே இயங்குகிறது.

சென்ற வாரம் மென்பொருளைப் புதுப்பித்ததும் ஒலி நின்றது. திரையில் ஒலியளவு நூறு, அறையிலோ மௌனம். ஒலிபெருக்கி பழுதென்று நாங்களே தீர்ப்பளித்து, புதிய கணினிக்கு விலையும் விசாரித்துவிட்டோம்.

“சத்தம் யாருக்குமே கேக்கலையா, இல்ல எனக்குக் காதும் போயிருச்சா?” என்று தாயார் கேட்டார்கள். அக்கேள்வி எங்களை உலுக்கியது.

பொறுமையாக அமர்ந்து, கட்டளைத் திரையில் ‘ஆல்சாமிக்ஸர்’ என்று தட்டினோம். லினக்ஸில் ஒலிக்குப் பல மதகுகள் உண்டு. மேலே ஒன்றைத் திறந்தாலும் கீழே ஒன்று அடைபட்டிருந்தால் ஒலி வராது. ‘மாஸ்டர்’ நிறைந்திருந்தது, ‘ஸ்பீக்கர்’ பட்டையின் அடியிலோ ‘எம்எம்’ என்னும் அடைப்புக்குறி. ‘எம்’ விசையை ஒருமுறை அழுத்தியதும் அது ‘ஓஓ’ ஆயிற்று. மறுபடி இயக்கும்போதும் நிலைக்கும்படி அமைப்பைச் சேமித்தோம்.

வீண்விரயம் கூடாதென்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், ஒரு விசையை அழுத்திப் பார்க்குமுன் பணப்பையைத் திறக்கத் துணிந்தோமே!

அன்று மாலை கிராஅத் ஒலித்தது. தாயார், “அல்ஹம்துலில்லாஹ்! கொஞ்சம் குறைச்சு வைங்க” என்றார்கள்.