வடக்கே முதல் குளிர்காலம்

பெரம்பலூரில் பிறந்து அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். மார்கழியில்கூட ஒரு போர்வை போதும் எங்களுக்கு. அரியலூர் சிமெண்ட் ஆலையில் இருந்த என் கணவருக்கு, அதே போலச் சுண்ணாம்புக்கல் கிடைக்கும் ராஜஸ்தானின் சித்தோர்கட் பக்கம் வேலை அமைந்தது. டிசம்பரில், எட்டு மாதக் கைக்குழந்தையோடும் மாமியாரோடும் புது வீடு புகுந்தோம்.

பால் காய்ச்சிய மறுநாளே தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடுமே! அங்கே ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. தோசை மாவு பொங்கவே மாட்டேன் என்றது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தபின்தான் வழிக்கு வந்தது.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளிக்கலாம். குழந்தை இரவில் நடுங்கியதுதான் கவலை.

"ஏம்மா, கும்முட்டி அடுப்பை உள்ளே வச்சுக் கதவைச் சாத்திட்டா, புள்ள கதகதப்பாத் தூங்குமே?" என்றார் மாமியார்.

அடுத்த வீட்டு அம்மாள் பதறிப்போய்த் தடுத்தார். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடலாம். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இப்படிச் சில குடும்பங்கள் பலியாகின்றன.

எங்கள் வீட்டில் கரியடுப்பு வாசலோடு சரி. குழந்தைக்கு மெல்லிய சட்டைகள் இரண்டு மூன்று, காலுக்கு உறை, உச்சி வெயிலில் குளியல். கம்பளி மட்டும் முகத்தை மூடக் கூடாது.

வடக்கே குடிபோகும் சகோதரிகளே, ஊறுகாய் ஜாடியை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்!