சாட்சி

2005இல் அம்மாவுக்கு இருமல் வந்தது. மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. ராத்திரியானால் வேர்த்துக் கொட்டும்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் வழியாக ஆயிரமாயிரம் பேர் கிரிவலம் போவார்கள். 14 கிலோமீட்டர் சுற்றினால் வினையும் நோயும் தீருமாம். அம்மா விறகுக்கும் புல்லுக்கும் அந்த மலையைச் சுற்றியே கிடந்தவள். அவள் நோய் தீரவில்லை.

அவள் வேலைக்குப் போன கழனிக்காரர் வீட்டில் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர். இருமல் தெரிந்ததும் அந்த டம்ளரும் இல்லை என்றாகிவிட்டது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து டி.பி. என்றார்கள். ஆறு மாசம், ஒருநாள் விட்டு ஒருநாள், அவர்கள் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும். அதே சமயம் பக்கத்துத் தெரு பெரியம்மா அம்மாவை ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். ஓலைக் கொட்டகை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். போதகர் அம்மா தலையில் கை வைத்து ஜெபித்தார்.

"எங்கம்மா செத்தப்புறம் எந் தலையில கை வச்சது அவுருதான்டா" என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

இரண்டே மாசத்தில் இருமல் நின்றது. உடம்பும் தேறியது. கொட்டகையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள்: "இயேசப்பா என்னச் சுகமாக்கிட்டாரு." ஊரில் யாரும் பேசவிடாத பொம்பளை பேசினாள், அறுபது பேர் கேட்டு அல்லேலூயா சொன்னார்கள். அதற்குப் பிறகு மாத்திரைக்குப் போகவில்லை. போதகர் நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பிடு என்றும் சொல்லவில்லை. "சுகமானவ மாத்திர தின்னா விசுவாசமில்லன்னு ஆயிடும்ல" என்பது அவள் கணக்கு.

டி.பி. கிருமியின் தந்திரமே இங்கேதான். முதல் இரண்டு மாச மருந்தில் பெரும்பாலான கிருமி செத்துவிடும். இருமலும் காய்ச்சலும் போய்விடும். மிச்சமிருப்பவை ஒளிந்து கிடக்கும். பாதியில் விட்டால் மறுபடி பெருகும், மருந்துக்கு மசியாதவையாகவும் மாறும். நாலு மாசத்தில் அம்மா ரத்தமாகத் துப்பினாள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியார் கூட்டங்களுக்குப் போகிறவன். மூடநம்பிக்கை என்று கத்தினேன். அம்மா அமைதியாகக் கேட்டாள்: "உன் கூட்டத்துல எவனாவது என்னத் தொட்டானா?"

பதில் இல்லை. ராத்திரி அவளுடைய வேதப்புத்தகத்தை எடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி வருகிறான். யாரும் தொடாத அவனை இயேசு தொடுகிறார், சுகமாகிறான். அதோடு முடியவில்லை. போய் ஆசாரியனிடம் உன்னைக் காட்டு, அதுதான் சாட்சி என்று அனுப்புகிறார். வாசித்துவிட்டுக் கேட்டேன்: "காட்டிட்டு வான்னு அவுரே சொல்லியிருக்காரு. நீ காட்டினியாம்மா?"

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "காலைல போலாம்" என்றாள்.

இம்முறை எட்டு மாசம். முதல் இரண்டு மாசத்தில் 24 ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் நர்சம்மா தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தத் தொடுதலையும் அம்மா எண்ணிவைத்திருந்தாள். கடைசியில் சளியில் கிருமி இல்லை என்று வந்த சீட்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். அதைக் காட்டித்தான் இரண்டாம் சாட்சி சொன்னாள்: "மாத்திரையும் அவுரு குடுத்ததுதான்."

ஆனால் கடைசிவரை முழுக்கு எடுக்கவில்லை. "என்னால உன் சர்டிபிகேட்டு போயிடும்டா." பயம் வீணில்லை. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தலித் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டவர்.

இதைவிடப் பெரிய அற்புத சுகம் எந்தக் கொட்டகையிலும் நடந்ததில்லை. தண்ணீரில் முங்கி எழுந்தால் சாதி நோய் தீர்ந்துவிட்டதென்று சர்க்கார் நம்புகிறது. சளிப் பரிசோதனைகூட வேண்டாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த கிறிஸ்தவர்களையே சாதி பார்த்துப் பிரித்து நின்ற சுவரை எந்தக் கணக்கில் எழுதுவது? முங்காமலே இருந்தால் மட்டும் என்ன கிடைத்தது? எங்கள் மாவட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரியில்தான் நம் ஜனங்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போக முடிந்தது, அதுவும் போலீஸ் காவலோடு.

எனக்கு இன்றும் விசுவாசமில்லை. அம்மாவின் நெஞ்சைச் சுகமாக்கியது மாத்திரை; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தலையில் விழுந்த கை அவளுக்குள் எதையோ சுகமாக்கியது. அதைக் கொடுக்க என் பகுத்தறிவுக் கூட்டத்துக்குத் தோன்றவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டம்ளரை ஒளித்துவைத்த அந்த வீட்டுக்காரர் ஒருநாளும் தனக்கு நோயென்று எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. எந்தக் கொட்டகையிலும் முழங்கால் போடவில்லை. நோய் அவருக்கு, மருந்து தின்றதும் ஜெபம் பண்ணியதும் நாங்கள்.