பறந்து முடித்த பின் ஏறும் சூடு



பேட்டரி என்றதும் நம்மில் பலருக்கு லாரியும் டிராக்டரும்தான் ஞாபகம் வரும். எனக்கோ இப்போதெல்லாம் செஸ்னா 172! ஒரு விமானப் பயிற்சி நிலையத்தின் ஹேங்கரில் இன்பிளான்ட் டிரெயினிங் போய் வந்ததன் விளைவு.

அந்தச் சின்ன விமானத்தில் 24 வோல்ட் பேட்டரி எங்கே இருக்கிறது தெரியுமா? கவுலிங்கைக் கழற்றினால், இன்ஜினுக்குப் பின்னால், ஃபயர்வாலின் இடது பக்கம். எக்ஸாஸ்ட் பைப் அனல் கக்கும் அதே அறைக்குள்! ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் குட்டையாக இருந்தால் எடையும் மிச்சம், வோல்டேஜ் டிராப்பும் குறைவு. வால் பக்கம் பேட்டரி வைத்த விமானங்களும் உண்டு. அங்கே சூடு இல்லை. ஆனால் தடித்த கேபிளை அத்தனை நீளத்துக்கும் சுமக்க வேண்டும்.

பறக்கும்போதுதானே சூடு அதிகம் என்பீர்கள். அதுதான் இல்லை. பறக்கையில் முன்பக்கத் துவாரம் வழியே காற்று புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கண்டம் இன்ஜினை நிறுத்திய பிறகுதான்! காற்றோட்டம் நின்றதும், சிலிண்டரிலும் எக்ஸாஸ்டிலும் தேங்கிய சூடு கவுலிங்குக்குள் அடைபட்டு ஏறுகிறது. மே மாத மத்தியானம், கீழே தார்த் தளம் வேறு... கேட்கவா வேண்டும்?

லெட் ஆசிட் பேட்டரிக்கு ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. தகட்டின் கிரிட் அரிக்கும், தண்ணீர் வற்றும். சீல் செய்த வகையில் திரும்ப ஊற்றவும் வழியில்லை.

"நல்லா ஸ்டார்ட் ஆகுதேண்ணே, அப்புறம் என்ன?" என்றான் கூட வந்த நண்பன்.

"தம்பி, ஸ்டார்ட் பண்ண சில செகண்டு போதும். மேலே ஆல்டர்னேட்டர் போயிட்டா ரேடியோ எவ்வளவு நேரம் பேசும்னு அது சொல்லுமா?" என்றார் மெக்கானிக் அண்ணன்.

மேக்னட்டோ இருப்பதால் இன்ஜின் நிற்காது. ஆனால் ரேடியோ, விளக்கு, ஃபிளாப் எல்லாம் பேட்டரியை நம்பித்தான். உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பவரும் நம் வயது மாணவர்தான்! அதனால்தான் கெப்பாசிட்டி டெஸ்ட். முழுக்க சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேர ரேட்டில் 20 வோல்ட் வரை இறக்கிப் பார்ப்பார்கள். தயாரிப்பாளரின் கையேட்டைப் பொறுத்து 80 அல்லது 85 சதவீதம் தேறாவிட்டால், ஸ்டார்ட் ஆனாலும் கழற்றிவிட வேண்டியதுதான்.

பாதுகாப்பு என்ன? எக்ஸாஸ்ட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே இடைவெளி விட்டு ஒரு ஹீட் ஷீல்டு. வெளிக்காற்றைக் கொண்டுவந்து பேட்டரிப் பெட்டி மேல் ஊதும் பிளாஸ்ட் டியூப். மோட்டார் சைக்கிள் மாதிரி நாமே தகரம் வெட்டி மாட்டிவிட முடியாது. அனுமதி பெற்ற வரைபடப்படிதான் செய்ய வேண்டும்.

ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். ஒரு செல்லுக்கு டிகிரிக்குச் சுமார் 4 மில்லிவோல்ட் என்றால், 12 செல் பேட்டரி 20 டிகிரி கூடுதலாகச் சூடாகும்போது ஏறக்குறைய 1 வோல்ட் குறைத்துக் கொடுக்க வேண்டும். சிறு விமானங்களில் பெரும்பாலான ரெகுலேட்டர்களுக்குப் பேட்டரியின் சூடு தெரியாது! (நம் தியரி பேப்பரில் இதை ஏன் கேட்பதில்லையோ?)

எனக்குப் பிடித்தது காலணா செலவில்லாத வழி. விமானம் வந்து நின்றதும் அண்ணன் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்புவார். மேலே ஆயில் ஊற்றும் சின்னக் கதவைத் திறந்து வைப்பார். கை வைத்துப் பாருங்கள், இட்லிச் சட்டி மூடியைத் திறந்த மாதிரி அனல் குபுகுபுவென்று போகும். அடுத்த ஃபிளைட்டுக்கு முன் மூட வேண்டுமே, அதற்காகப் பைலட் சீட்டில் ஒரு சிவப்புத் துணி.