பினாங்கில் ஒரு பஞ்சாயத்து

புதன், சென்னை

பெட்டியில் கடைசியாகப் போனது டாக்டர் கடிதம். 24 வாரம் முடிந்திருக்கிறது, ஒற்றைக் குழந்தை, பயணத்துக்குத் தடையில்லை. பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல்தான் இதைக் கேட்கும், 36 தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள். இப்போதைக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கவுண்டரில் யாராவது வயிற்றைப் பார்த்துத் தயங்கினால் நீட்ட ஒரு காகிதம் வேண்டுமே.

மதுரையிலிருந்து அம்மா போனில் ஒரே புலம்பல். "வாயும் வயிறுமா இருக்குறவ கடல் தாண்டிப் போறதாவது!" அப்பத்தா போனைப் பிடுங்கிக்கொண்டு, "போயிட்டு வரட்டும்டி. புள்ள பெறந்துட்டா தெருமுக்குக்குப் போறதே பெரும்பாடு" என்றாள். அப்பத்தா சொன்னால் அப்பீல் கிடையாது.

மாலத்தீவு என்பது என் கணவருடைய ஆசை. படகிலோ கடல் விமானத்திலோ ஏறிப் போகிற தீவில் ராத்திரி வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று கேட்டேன், பேச்சு அடங்கிவிட்டது. கடைசியில் மலேசியாவின் பினாங்கு. அங்கே நேரடி விமானம், சுமார் நாலு மணி நேரம். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், வருகை அட்டையை மட்டும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இட்லியும் கிடைக்கும். போதாதா?

பயணக் காப்பீட்டின் பொடி எழுத்தைப் படித்தேன். கர்ப்பம் தொடர்பான எந்தச் செலவுக்கும் பணம் கிடையாதாம். நம் ஊர்ப் பாலிசிகள் பெரும்பாலும் இப்படித்தான். ஆத்திர அவசரத்துக்கு என்று தனியே ஒரு தொகை எடுத்து வைத்திருக்கிறோம்.

வியாழன், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு ஒட்டிப் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கவும் சொல்லியிருந்தார். கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும் என்பதால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் காலில் கட்டிவிடுமாம். இறுக்கமான காலுறையோடு விமானத்தின் நடைபாதையில் நான் ரோந்து போனேன். இவர் நிம்மதியாகத் தூங்கினார்.

விடுதிக்குப் பக்கத்துக் கடையில் நுழைந்ததும், "பசியாறிட்டீங்களா?" என்றார் கடைக்காரம்மா. இந்த ஊர்த் தமிழ் அப்படியே மனதில் உட்கார்ந்துவிட்டது. குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது. அதைச் சுற்றிப் பூக்கடை, புடவைக்கடை, பாட்டுச் சத்தம். கொஞ்சம் நடந்தால் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்.

மதியம் நாசி கண்டார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடியில் தோளில் சுமந்து விற்றதால் வந்த பெயர். சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து வெள்ளமாக ஊற்றுகிறார்கள். மீனும் முட்டையும் நன்றாக வெந்திருக்கிறதா என்று கிளறிப் பார்த்துச் சாப்பிட்டேன். அடுத்து ஜாதிக்காய் ஜூஸ், இந்த ஊரின் பெருமை. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஜாதிக்காய் ஆகாது என்பது அப்பத்தாவின் சட்டம். இரண்டு டம்ளரையும் இவரே குடித்தார், கொஞ்சம்கூட வருத்தம் இல்லாமல்.

வெள்ளி

கொடிமலை. 1923இல் போட்ட மலை ரயில். முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டுமாம், இப்போது ஒரே பெட்டியில் சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். உயரம் சுமார் 830 மீட்டர். உச்சியில் ஒரு முருகன் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன. கீழே கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்.

வீட்டில் பேசப் பயந்து தள்ளிப்போட்ட பேச்சு இங்கே பெஞ்சில் உட்கார்ந்ததும் வெடித்தது. பிரசவம் எங்கே? வளைகாப்பு முடிந்ததும் மதுரைக்குப் போய், பிள்ளை பெற்று, மூன்று மாதம் கழித்துத் திரும்புவது எங்கள் வழக்கம். எனக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு லீவு. இவருக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் உண்டு. தனியார் கம்பெனி ஆண்களுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, கம்பெனியாகப் பார்த்துக் கொடுத்தால்தான். இவருடைய கம்பெனி கொடுப்பது ஐந்து நாள்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி வந்து என் பிள்ளையைப் பார்த்துட்டுப் போற விருந்தாளியா நான்?"

"அப்ப எனக்கு யாரு பத்தியச் சாப்பாடு செய்யறது? குழந்தையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்ட உங்களுக்குத் தெரியுமா?"

"யூடியூப்ல பார்த்துக் கத்துக்குவேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்து பெஞ்சுச் சீனக் கிழவர் மரியாதையாக எழுந்து வேறு இடத்துக்குப் போனார். இறங்கும்போது இருவரும் பேசவில்லை.

சனி

தண்ணீர்மலை முருகன் கோயில். தைப்பூசம் முடிந்த வாரம், கூட்டம் வடிந்துவிட்டது. 513 படி. என்னால் ஆகாது என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் மட்டும் ஏறினார். நேற்றைய கோபத்துக்கு 513 படி சரியான மருந்து.

பூ விற்ற அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எத்தனை மாசம்மா?" என்று தொடங்கி, கால் மணி நேரத்தில் என் வீட்டுக் கதை முழுவதையும் வாங்கிவிட்டார். சீனர் வீடுகளில் பிரசவமானவளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் சம்பளத்துக்கு ஆள் வைப்பார்களாம். மலாய்க்காரர்கள் 44 நாள் பத்தியம் இருப்பார்களாம், அதற்குப் பெயர் பந்தாங். "எங்க மகளும் வேலைக்குப் போறவ, மாப்பிள்ளைக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிப்டு. ரெண்டு பேரையும் எதுக்குப் பிரிக்கணும்? நான்தான் அவ வீட்டுல போய்த் தங்கினேன். இப்ப இங்க ஆம்பளைக்கும் ஏழு நாள் லீவு சட்டத்துலயே இருக்கு."

அந்தச் சட்டம் 2023 ஜனவரியில் இங்கே நடைமுறைக்கு வந்தது. ஏழு நாள் பெரிய கொடை ஒன்றும் இல்லை. ஆனால் சட்டத்தில் இருந்தால் மேலதிகாரியிடம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டாம்.

இவர் சட்டையெல்லாம் நனைந்து, நெற்றியில் விபூதியோடு இறங்கி வந்தார். அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். "அத்தை வருவாங்களா?" என்றார். இத்தனை நாளும் எங்கள் கணக்கில் அம்மா மதுரை வீட்டை விட்டு நகராத ஒரு தூண்.

ஞாயிறு, விமான நிலையம்

அம்மாவைக் கூப்பிட்டோம். இவரே பேசினார். ஸ்கேன் எல்லாம் சென்னை டாக்டரிடம் பார்த்தது, எட்டாம் மாதத்தில் புது டாக்டரிடம் போவதில் எனக்கும் பயம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, "ஊரு என்ன சொல்லும் மாப்ளே?" பின்னால் அப்பத்தா: "ஊரா வந்து பீத்துணி அலசப் போகுது?"

முடிவாகிவிட்டது. வளைகாப்பு மதுரையில், பிரசவம் சென்னையில். இவர் ஐந்து நாள் லீவோடு சேர்த்து வைத்திருக்கிற விடுப்பையும் எடுக்கிறார். அம்மா அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவாளாம், அதற்கு முன்னால் பிள்ளை பிறந்தால் தான் பொறுப்பில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.