கிரீஸ் படக்கூடாத இடம்

2017 செப்டம்பர் 10 அன்று இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் அறுவர் ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். உலகைச் சுற்றி 2018 மே 21 அன்று அங்கேயே திரும்பினர். 254 நாட்கள், ஏறத்தாழ 21,600 கடல் மைல். இவ்வெண்கள் வரலாற்றில் நிற்கும். ஆனால், அத்தகைய படகுகளில் பாயை இழுத்துக் கட்ட உதவும் வின்ச் என்னும் கருவியை யார் பிரித்தார், யார் துடைத்து மீண்டும் பூட்டினார் என்பதை எந்த வரலாறும் கேட்பதில்லை.

வின்ச், படகின் மேல்தளத்தில் நிமிர்ந்து நிற்கும் ஓர் உருளை. பாயின் கயிறு அதன்மேல் மூன்று நான்கு சுற்றுகள் சுற்றப்படும். சுற்றுகள் கூடக்கூடப் பிடிமானம் மடங்கு மடங்காகப் பெருகும். உராய்வுக் கெழு 0.25 என்று கொண்டால், மூன்று சுற்றுகளுக்குப் பின், கையில் ஒரு கிலோ எடைக்கு நிகராகப் பிடிக்கும் விசை மறுமுனையில் சுமார் 110 கிலோ இழுவையைத் தாங்கி நிற்கும்.

வெளிப்புறத்தில் உராய்வால் வாழும் இக்கருவி, உட்புறத்தில் உராய்வைக் குறைக்கவே அமைக்கப்பட்டது. நடுத்தண்டு, பேரிங்குகள், பற்சக்கரங்கள் ஆகியவற்றோடு அங்கே நாக்குகளும் உண்டு. நாக்கு என்பது விரல்நுனி அளவேயான உலோகத் துண்டு. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதை வெளியே தள்ள, அது பல்லிடுக்கில் விழுந்து, உருளை பின்னோக்கிச் சுழலாதபடி தடுக்கிறது.

பழைய வின்ச்சுகளில் உப்பும் நாட்பட்ட கிரீஸும் கலந்து பசையாக இறுகிவிடும். நாக்கு தன் குழியிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் காற்று வலுத்தால் பாயின் இழுவை முழுவதும் கைப்பிடியைப் பின்னோக்கிச் சுழற்றும். பிடித்திருப்பவரின் கையை முறிக்க அது போதும்.

ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிரித்துத் துடைப்பது மரபு. அடிப்பகுதியில் துளையிட்ட அட்டைப்பெட்டியை முதலில் வின்ச்சைச் சுற்றிப் பொருத்துவர். துள்ளி விழும் ஸ்பிரிங் கடலுக்குள் போய்விடக் கூடாதல்லவா? உருளையை மெல்லத் தூக்குவர்; உள்ளே ஒட்டியிருக்கும் பேரிங் அதனோடு சேர்ந்து வந்து நழுவக்கூடும். கழற்றிய பாகங்களைத் துணியின்மேல் வரிசை மாறாமல் அடுக்கி, மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உலர்த்துவர். முனை மழுங்கிய நாக்கும் தளர்ந்த ஸ்பிரிங்கும் மாற்றப்படும். பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ். நாக்குகளுக்கோ கிரீஸ் அறவே ஆகாது. இலேசான எண்ணெய் ஒரு துளி போதும்.

புதியவர்கள் பிழைப்பது இவ்விடத்தில்தான். சோம்பலால் அல்ல, அக்கறையின் மிகுதியால் அவர்கள் எல்லாவற்றின் மீதும் தாராளமாகக் கிரீஸைப் பூசிவிடுகிறார்கள். அதுவே நாக்கை ஒட்டச் செய்கிறது. பராமரிப்பு என்பது பரிவு மட்டுமன்று. எந்தப் பாகத்துக்கு எது, எவ்வளவு என்று பகுத்தறியும் அறிவு.

தொழில்நுட்பத்தின் வரலாறு கண்டுபிடிப்புகளையே கொண்டாடிப் பயன்பாட்டையும் பராமரிப்பையும் புறக்கணிக்கிறது என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளிவந்த ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில் வாதிட்டார். அவ்வாதத்துக்கு இச்சிறு நாக்கு தகுந்த சான்று. அதை வடிவமைத்தவருக்குக் காப்புரிமை கிடைக்கலாம். அதை இயங்கவைத்துக்கொண்டே இருப்பவருக்கு ஆய்விதழ்களில் அடிக்குறிப்பும் கிடைப்பதில்லை. நம் ஆய்வகங்களிலும் இதுவே நிலை. கருவியை வாங்கிய ஆண்டு அறிக்கையில் இருக்கும். அதை இருபது ஆண்டுகள் பழுதின்றி ஓட்டிய உதவியாளரின் பெயர் இராது. அவர் ஓய்வுபெறும் நாளில், எழுதப்படாத ஒரு நூல் வாசலைக் கடந்து போய்விடுகிறது.

அந்நூலின் ஒரு பக்கத்தை எவரும் கற்கலாம். துடைத்துப் பொருத்திய நாக்கை விரலால் அழுத்தி விட வேண்டும். அது உடனே துள்ளி எழ வேண்டும். பின்னர் உருளையைச் சுழற்றிக் காதுகொடுக்க வேண்டும். ‘டக், டக்’ என்னும் ஒலி சீராக எழுந்தால், அந்தக் கயிற்றை நம்பிக் கடலுக்குப் போகலாம்.