கெலருக்குள் ஒரு கடைசல் பட்டறை

திங்கட்கிழமைகளில் எங்கள் ரெஸ்ரோரன்ற் பூட்டு. ஞாயிற்றுக்கிழமையும் பூட்டுத்தான். ஆனால் சுவிசில் ஞாயிறன்று சத்தம் போடக்கூடாது. வெறும் போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் போடுவதற்கே நாள் பார்க்கவேண்டிய நாடு இது. லேத் மெசினை ஓடவிட்டால் மேல்வீட்டு மனிசி பொலிசுக்கு ரெலிபோன் எடுத்துவிடுவாள். ஆகவே எனக்கென்று வாரத்தில் இருப்பது திங்கள் பகல் ஒன்றுதான். அந்த ஒரு பகலுக்காக, கெலருக்குள் பழைய சூட்கேசுகள் கிடந்த இடத்தை ஒதுக்கி, இரண்டாம் கையாக வாங்கிய ஒரு சின்ன லேத்தும் அதைவிடச் சின்ன ஒரு மில்லிங் மெசினும் வைத்திருக்கிறேன்.

'குசினியில் பதினைந்து வருசமாக வெங்காயம் வெட்டுகிறவனுக்கு உது என்னத்துக்கு?' என்று கேட்காதவர்கள் குறைவு. 2007இல் பேராதனையில் பொறியியல் படிக்கத் தொடங்கியவன் நான். இரண்டாம் வருடம் முடியுமுன், 2009 தொடக்கத்தில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். படிப்பை முடிக்கும் ஆசையெல்லாம் இப்போது இல்லை. கையில் இரும்பு பட்டால் மனம் கொஞ்சம் அமைதிப்படுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த அமைதி போன வருடம் குலைந்தது. ஒரு அலுமினியத் தகட்டில் நீள்துளை ஒன்று வெட்டவேண்டியிருந்தது. மில்லிங் மெசினோடு வந்தது துளைபோடுகிற சக் மட்டும்தான். 12 மில்லிமீற்றர் கட்டரை அதிலேயே பூட்டி வேலையைத் தொடங்கினேன். பாதி வழியில் கட்டர் மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. திடீரென்று தகட்டைக் கொத்தி, வைசில் இருந்து பிடுங்கி எறிந்தது. இடது கையில் ஐந்து தையல். இரண்டு கிழமை குசினிக்குப் போகமுடியவில்லை. முதலாளியிடம் கத்தி வெட்டிவிட்டது என்று பொய் சொன்னேன்.

மனைவி ஏசவில்லை. "இஞ்சேருங்கோ, அந்த விசாக் காட் வருசாவருசம் வேலையைக் காட்டித்தான் புதுப்பிக்கிறது. வேலை உங்கடை கையிலைதான் இருக்கு. அதை மறந்துபோடாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கெலர்க் கதவை நான் திறக்கவில்லை.

அந்த இரண்டு மாதமும், பிழை எங்கே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். துளைபோடும் சக்கின் மூன்று தாடைகளும் கட்டரின் தண்டை மூன்று கோடுகளில்தான் தொடுகின்றன. துளைபோடும்போது விசை மேல்நோக்கித் தண்டின் வழியே போகிறது. அதற்கு அந்தப் பிடி போதும். மில்லிங் செய்யும்போது விசை பக்கவாட்டில் அடிக்கிறது. முறுக்கிய பற்கள் கட்டரைக் கீழேயும் இழுக்கின்றன. கடினப்படுத்திய வழுவழுப்பான தண்டு, அதிர அதிர வழுகி வருகிறது. பல வேளை சக்கே தன் கூம்புத் தண்டில் இருந்து கழன்றுவிடும். இதற்கு வேண்டியது சுற்றிவர முழுவதையும் அணைத்துப் பிடிக்கிற ஒன்று. அதுதான் கொலற்: கீறல் போட்ட ஒரு உருக்குக் குழாய். கூம்பான குழிக்குள் அதை இழுத்தாலோ தள்ளினாலோ சுருங்கி, உள்ளே இருப்பதை இறுக்குகிறது.

எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு சுவிஸ் கிழவர் இருக்கிறார். பேர்ண் மாகாணத்து யூரா மலைப் பக்கத்து வேர்க்சொப்புகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்துப் பெவிலார் ஊரில்தான் 1915இல் ஷௌப்ளின் கம்பனி தொடங்கியது. அவர்களுடைய '102' லேத்தைப் பற்றிச் சொல்லும்போது கிழவரின் குரல் மாறிவிடும். ஒருநாள் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே டபிள்யூ 20 கொலற்றுகள், அளவுவாரியாக அடுக்கியிருந்தன. பார்த்ததும் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

ஆனால் அவை என் லேத்துக்குப் பொருந்தாது. அந்தக் கொலற்றின் உடல் 20 மில்லிமீற்றர். அதற்கென்று கூம்பு கடைந்த சுழல்தண்டும், பின்னால் இருந்து இழுக்கும் குழாயும் வேண்டும். என் லேத்தின் சுழல்தண்டுத் துளையே 20 மில்லிமீற்றர்தான். அமெரிக்காவின் ஹார்டிஞ்ச் கம்பனியின் 5சி இன்னும் பெரியது, உடல் 31.75 மில்லிமீற்றர். அதை முன்பக்கம் பூட்டுகிற சக்குகள் உண்டு. சின்ன லேத்தில் பூட்டினால் நீண்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். இவை இரண்டுக்கும் இன்னொரு குணம் உண்டு. ஒவ்வொரு கொலற்றும் ஒரே ஒரு அளவுக்கு மட்டுமே. ஒரே தடிப்பான கம்பியை நாள்முழுதும் கடைகிற தொழிற்சாலைக்கு அது வரம். நானோ பழைய இரும்புக் கிடங்கில் பொறுக்கியதைக் கடைகிறவன். அதில் 12 மில்லிமீற்றரும் வரும், அரை அங்குலமான 12.7உம் வரும்.

கடைசியில் நான் எடுத்தது ஈஆர் 32. இதுவும் சுவிஸ்காரர் கண்டுபிடித்ததுதான். 1972இல் ரெகோ-பிக்ஸ் என்ற கம்பனி. பிறகு அது ஒரு நியமமாகி, எல்லா நாட்டுக்காரரும் செய்கிறார்கள். ஒவ்வொரு கொலற்றும் தன் அளவில் இருந்து 1 மில்லிமீற்றர் கீழே வரைக்கும் சுருங்கும். 3 முதல் 20 வரையான பதினெட்டுக் கொலற் இருந்தால், 2க்கும் 20க்கும் இடையில் பிடிக்கமுடியாத தடிப்பே இல்லை. பெரிய விசயம், அதே பதினெட்டும் இரண்டு மெசினுக்கும் உதவும். மில்லிங் மெசினுக்கு மோர்ஸ் 3 கூம்புள்ள பிடிசட்டம், மேலிருந்து இழுத்துப் பூட்டும் போல்ற்றோடு. லேத்துக்கும் மோர்ஸ் கூம்பிலேயே வாங்கியிருக்கலாம், மலிவு. ஆனால் அது சுழல்தண்டுத் துளையை அடைத்துவிடும், நீளமான கம்பி பின்னால் போகாது. ஆகவே முகத்தட்டில் பூட்டும் வகையை எடுத்தேன். டயல் வைத்துப் பார்த்தேன். மூன்று தாடைச் சக்கில் 0.08 மில்லிமீற்றர் ஆட்டம் காட்டிய அதே கம்பி, இதில் 0.02தான் காட்டியது.

குறைகளும் உண்டு. கொலற்றை முதலில் நட்டுக்குள் சரித்து, 'கிளிக்' என்று விழவைத்த பிறகுதான் பூட்டவேண்டும். அவசரத்தில் நேரே குழிக்குள் வைத்து நட்டை இறுக்கினால், கழற்றும்போது அது வெளியே வராது, கொலற்றும் பழுதாகும். ஒவ்வொரு முறையும் இரண்டு சாவி போட்டு இறுக்கவேண்டும். எழுதியிருக்கும் அளவைவிடத் தடித்ததை உள்ளே திணிக்கக்கூடாது. இவற்றையெல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கட்டையான துண்டை அது பிடிக்காது. வாயில் மட்டும் துண்டு இருந்தால், பின்பக்கம் வெறுமையாகச் சுருங்கி, முன்பக்கப் பிடி விட்டுப்போகும்.

அதில்தான் போய் மாட்டினேன். ரெஸ்ரோரன்றில் சீஸ் துருவும் பழைய மெசினின் புஷ் ஒன்று தேய்ந்து, கைபிடி ஆடத் தொடங்கியது. புதிது வாங்க வழியில்லை, அந்த மொடலை விட்டுவிட்டார்கள். நான் செய்து தருகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வெண்கலப் புஷ், வெளி விட்டம் 14, நீளம் 8 மில்லிமீற்றர். வெளிப்பக்கம் கடைந்து, துளைபோட்டு, கம்பியில் இருந்து அறுத்தும் எடுத்தாகிவிட்டது. பிறகுதான் துளை ஒரு மயிரளவு சிறிது என்று தெரிந்தது. திரும்பப் பிடித்து உள்ளே கடையவேண்டும். கொலற்றுக்குள் வைத்தால் சரிந்தது. தாடைகளில் நேரே பிடித்தால் நசியும்.

அன்றிரவு ஊருக்கு வீடியோவில் எடுத்து ஐயாவிடம் கொலற்றைக் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் ஐயாவிடம் பழைய இங்கிலாந்து லேத் ஒன்று இருந்தது. 1990இல் கரன்ற் நின்ற பிறகு, தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்குப் பெல்ற் போட்டு, மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர். 1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரையும்போல நாங்களும் வெளிக்கிட்டோம். எனக்கு எட்டு வயது. அடுத்த வருடம் திரும்பிவந்தபோது, சீமெந்துத் தரையில் நான்கு போல்ற்றுகள் மட்டும் நின்றன. அதற்குப் பிறகு அவர் லேத்தைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை.

"கிட்டப் பிடி பாப்பம்... எத்தினை கீறல்?"

"பதினாறு ஐயா. எட்டு இந்தப் பக்கத்தாலை, எட்டு அந்தப் பக்கத்தாலை."

"ஓ, அப்ப நேராச் சுருங்கும். நான் ஒரு கீறல்தான் போடுறனான்."

"நீங்களோ?"

"பின்னை? கடைஞ்சு முடிச்ச சாமானைத் தாடையிலை நேரே பிடிக்கிறதே? பித்தளைத் துண்டொண்டைச் சக்கிலை பிடிச்சு, சாமானின்ரை அளவுக்குத் துளையைக் கடை. கழட்டமுன்னம், முதலாம் தாடைக்கு நேரே ஒரு புள்ளி குத்து. பிறகு கழட்டி, வாளாலை ஒரு பக்கம் கீறிப்போட்டு, புள்ளியைத் திரும்ப அதே தாடைக்கு நேரே வை. சக் பழசெண்டாலும் பரவாயில்லை. துளை அந்தச் சக்கிலையே கடைஞ்சதெல்லோ, ஓட்டம் சரியாத்தான் வரும்."

நான் கடைக்குக் கடை விலை விசாரித்து வாங்கியதை, அந்த மனிசன் தடை நாட்களில் ஒரு பித்தளைத் துண்டிலும் வாள்கீற்றிலும் செய்திருக்கிறார். பேராதனையில் எனக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. நானும் முப்பது வருடமாக ஐயாவிடம் கேட்கவில்லை.

அடுத்த திங்கள் ஐயா சொன்னபடியே செய்தேன். டயல் ஊசி 0.03இல் நின்றது. புஷ் பொருந்தியது, கைபிடி ஆடவில்லை. முதலாளி இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாராவது கேட்டால், இரண்டு மெசினுக்கும் பொதுவான ஒரே செற்றை எடுங்கள், மில்லிங் கட்டரை மட்டும் துளைபோடும் சக்கில் பூட்டாதேயுங்கள் என்பேன். மூன்று தாடைச் சக்கையும் விற்றுவிடாதேயுங்கள்.

புஷ்ஷின் படத்தை ஐயாவுக்கு அனுப்பினேன். நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. "புள்ளி குத்தினனியோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் ஐயா, குத்தினனான்."